வாரம் கால் லிட்டர்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் ஒழுகுகிறது.

போன மாதம் இஞ்சின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் போட்டுவிட்டு மெக்கானிக் அடித்த ஜம்பம் இன்னும் காதில் இருக்கிறது. "இனிமே இந்த வண்டிக்கு அடியில நீங்க பாய் விரிச்சுப் படுக்கலாம் சார்." இன்று காலை காருக்கடியில் போட்டிருக்கும் அட்டையை இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அவனைத்தான் அதில் படுக்கவைக்க வேண்டும்.

இருந்தும் எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். செவ்வாய் என் முறை, வெள்ளி மேல்மாடியில் இருப்பவன் முறை. மேல்மாடியில் இருப்பவன் என் தம்பி. அப்பா இறந்த பிறகு, ஆறு வருடமாக, நாங்கள் பேசுவதில்லை. கார்ச் சாவி அம்மாவின் கட்டிலருகே ஆணியில் தொங்கும். எடுப்பவன் எடுப்பான், வைப்பவன் வைப்பான். எங்களுக்குள் இருக்கிற உறவெல்லாம் அந்த ஆணியோடு சரி.

வாடகைக் கார் அம்மாவுக்கு ஆகாது. உள்ளே தொங்கவிட்டிருக்கும் வாசனை டப்பாவுக்கே குமட்டும். நம் வண்டியில்தான் முன்சீட்டை நன்றாகச் சாய்த்து, ஜன்னலை முழுக்க இறக்கி, தலையைக் கதவோரம் வைத்துக்கொண்டு வருவாள். போன வருடம் ஒருமுறை வாடகைக் காரில் கூட்டிப்போனேன். பாதி வழியில் இறங்கிக்கொண்டு, "இனிமே என்னைக் கூப்பிடாதீங்கப்பா, விட்டுருங்க" என்றாள். டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்களிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்.

ஆக, இந்தத் தகர டப்பா ஓடியே தீர வேண்டும்.

மார்ச் 4, புதன்

ஆபீஸுக்கு அரைநாள் விடுப்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவரான மேலதிகாரி, "மறுபடியும் காரா?" என்று சிரித்தார். ஒப்பந்தங்களைப் படித்து ஓட்டை சொல்வது என் வேலை. அவர் தயாரித்த ஒப்பந்தத்தில் போன வருடம் ஓட்டை சொன்னேன். அந்தச் சிரிப்பு அதற்கான வட்டி.

விஞ்ஞானி (மெக்கானிக்குக்கு நான் வைத்த பெயர்) வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தான்.

"போன தடவை மேல ஒழுகுச்சு சார். இது கீழ. இது வேற ஒழுக்கு."

"ஒழுக்குல எத்தனை ரகம்ப்பா வெச்சிருக்க?"

"பழைய இஞ்சின் சார். ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் வழி தேடும். மனுசங்க மாதிரிதான்."

தத்துவம் வேறு. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி, கைப்பிடி ஒடிந்து குழாய்க்குள்ளேயே மாட்டிக்கிடக்கிறது. அதை எடுத்துக் கொடு என்று எத்தனை தடவை சொல்வது? "அதுல கை வெச்சா குழாய் உடையும் சார், கிடக்கட்டும். ஒழுகினாலும் சரி, ஒழுகாட்டியும் சரி, வாரம் கால் லிட்டர் ஊத்திருங்க. பழசு, கொஞ்சம் குடிக்கும்."

ஜனவரியிலும் இதையேதான் சொன்னான். அன்றிலிருந்து திங்கள் தவறாமல் ஊற்றுகிறேன், குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி.

அடித்தொட்டி கேஸ்கெட்டை அடுத்த புதன் மாற்றித் தருகிறானாம்.

மார்ச் 6, வெள்ளி

அவன் முறை. சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டித் தள்ளி வைத்திருப்பான், குள்ளன். எடுத்த சீட்டை எடுத்த இடத்தில் விடுவது என்ற நாகரிகம் அந்தப் பரம்பரைக்கே கிடையாது. என் பரம்பரையும் அதுதான் என்பது தெரியும்.

மார்ச் 9, திங்கள்

எண்ணெய் ஊற்றப் போனால் புனலைக் காணோம். தேடினால் வாளிக்குள் கிடக்கிறது, ஈரப் பிசுக்கோடு. தன் ஸ்கூட்டருக்கு என் புனல்! மனைவியிடம் சொன்னேன்.

"போய்க் கேளுங்களேன். மாடிப்படி ஏறினா முட்டி கழண்டுருமா?"

துடைத்து என் அலமாரியில் பூட்டி வைத்தேன்.

மார்ச் 14, சனி

புதன்கிழமை அடித்தொட்டி கேஸ்கெட் மாற்றியாயிற்று. எண்ணெய் பழசுதான், கடைப் பையன் வடித்துத் திரும்ப ஊற்றினான். மூன்று நாளாக அட்டை காய்ந்து கிடக்கிறது. எனக்கு ஏன் நிம்மதி இல்லை? காலையிலிருந்து எத்தனை தடவை குனிந்து பார்த்தேனோ, இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரியே நிக்கறீங்க," என்கிறாள் மனைவி. "பொறந்தா சொல்லி அனுப்புவாங்க, உள்ள வாங்க."

மார்ச் 20, வெள்ளி

ஒரு சொட்டு.

மார்ச் 22, ஞாயிறு

அட்டை முழுக்க. இந்தத் தடவை இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலிருந்து. போனில் கேட்டால், "அது சீல் சார், கியர் பெட்டியையே இறக்கணும். பாத்துக்கலாம். ஊத்தறதை மட்டும் விட்டுறாதீங்க."

அம்மா இன்று மறுபடி ஆரம்பித்தாள். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தீங்களான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. பழசை மறந்துருங்கப்பா." நான் எழுந்து வந்துவிட்டேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

எதை மறக்கச் சொல்கிறாள்? அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்யலாமா, மருந்திலேயே பார்க்கலாமா என்று டாக்டரே இரண்டு மனசாக இருந்தார். நான் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். வந்து இறங்குவதற்குள் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். பிளஸ் டூவைத் தாண்டாதவன், மின்விளக்குக் கடை வைத்திருப்பவன், கையெழுத்துப் போடுகிறான்! நாலு மணி நேரம். நாலு மணி நேரம் பொறுக்க முடியாதாடா உனக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? ரயில்லதானே வந்துக்கிட்டிருந்தேன்? வேற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேனே. நான் வந்தப்ப அப்பாவை உள்ள கொண்டுபோயிட்டாங்க. திரும்பி வந்தவர் கண்ணே முழிக்கல.

போதும். எழுதினாலும் அடங்குவதில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

மேம்பாலத்தில் பாதி ஏறியதும் பின்னால் நீலப் புகை. கண்ணாடியில் தெருவே தெரியவில்லை. வண்டி திணறியது, இழுத்தது, நின்றுவிட்டது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முகம் ஏற்கெனவே வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சேர்ந்த தண்ணீரெல்லாம் உடம்பில் இருக்கிறது. நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வாடகைக் கார் நின்றது. கதவைத் திறந்ததுமே அந்த வாசனை. அம்மா தலையை ஆட்டினாள். "வேணாம். வீட்டுக்கே போயிரலாம்."

"அம்மா, விளையாடாத."

"தம்பிக்குப் போன் போடு. இல்லன்னா இங்கயே இருக்கேன்."

போட்டேன்.

"யாரு?"

"நான்தான்."

"அம்மாவா?"

"வண்டி நின்னுருச்சு. மேம்பாலத்து மேல."

"வரேன்."

ஆறு வருடத்துப் பேச்சு இவ்வளவுதான்.

ஸ்கூட்டரில் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம், "ஏறிடுவியாம்மா?" என்றான். ஏறுவாள், பிடித்துக்கொள்ளத் தெம்பில்லை. யாராவது பின்னால் உட்கார்ந்து பிடிக்க வேண்டும். யாராவது என்றால் அங்கே இருந்தது நான். அவன் முன்னால், அம்மா நடுவில், நான் கடைசியில் பாதி சீட்டிலும் பாதி காற்றிலும். இந்த வயதில் மூன்று பேர். அம்மா சரியாமல் இருக்க, அவளைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் அவன் பெல்ட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. இறுக்கிப் பிடித்தேன். வயிறு போட்டிருக்கிறான்.

சிக்னலில் அம்மா சொன்னாள், "காத்து நல்லா வருது."

போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் திட்டினாள். மெஷின் கிடைத்தது.

மார்ச் 25, புதன்

வண்டியை இழுத்துக்கொண்டுபோய் விஞ்ஞானியிடம் விட்டேன். அடியில் தட்டை வைத்துத் திருகாணியைக் கழற்றினான். எண்ணெய் வந்தது. வந்துகொண்டே இருந்தது. தட்டு நிரம்பி, இன்னொரு தட்டு வைத்து, அதுவும் நிரம்பப் பார்த்தது. நுரைத்துப்போன எண்ணெய்.

"என்ன சார் இது, கிணறா? யாரு இவ்வளவு ஊத்தினது?"

"நீதானே சொன்ன. வாரம் கால் லிட்டர்."

துணியால் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "உங்க தம்பியும் அதேதான் சார் சொன்னாரு. வியாழக்கிழமையானா தவறாம ஊத்திடறேன்னாரு. நல்லா பாத்துக்கறீங்க வண்டியன்னு நான்கூடப் பாராட்டினேன்."

நான் திங்கள். அவன் வியாழன்.

ஒழுகினதுக்கு மேலேயே இரண்டு பேரும் ஊற்றியிருக்கிறோம். தாங்க முடியாமல் இஞ்சின் எந்தச் சீல் பலவீனமோ அதைப் பிய்த்துக்கொண்டு வெளியே தள்ளியிருக்கிறது. அதைப் பார்த்து, ஐயோ ஒழுகுகிறதே என்று இன்னும் ஊற்றியிருக்கிறோம்.

கத்தினேன். அளவுக் கம்பியை எடுக்காமல் விட்டவன் நீ, ஒரே வண்டிக்கு இரண்டு பேரிடம் ஏன் சொன்னாய் என்று.

"என் கடைக்கு ரெண்டு பேரும் தனித்தனியா வந்தீங்க, தனித்தனியா கேட்டீங்க," என்றான் அவனும் சத்தமாகவே. "ஒரே வீட்ல இருக்கறவங்க பேசிக்க மாட்டீங்கன்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்? கம்பி என் தப்புதான். எடுத்துப் போட்டுத் தரேன். அதுக்குமேல கத்தினா வேற கடை பாருங்க."

பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

மார்ச் 27, வெள்ளி

கார் இல்லை. இன்றும் ஸ்கூட்டர், மூன்று பேர். அவன் முறைதான், ஆனால் பின்னால் பிடிக்க ஆள் வேண்டும். திரும்பும்போது அம்மாவால் உட்கார முடியவில்லை, வாடகைக் கார். இரண்டு இடத்தில் நிறுத்தி வாந்தி. வீட்டுக்கு வந்து படுத்தவள், "நம்ம வண்டி எப்ப வரும்?" என்று கேட்டாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள். இரண்டு பேரும் வெவ்வேறு சுவரைப் பார்த்தோம்.

மார்ச் 28, சனி

வண்டி வந்ததும் அவன் மறுபடி வியாழக்கிழமை ஊற்றுவான். சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்: "மேல சொல்லிரு, இனிமே எண்ணெய் ஊத்த வேணாம்னு."

"நான் சொல்ல மாட்டேன். என் ரத்தத்தைச் சுத்தம் பண்ணவே எனக்கு நேரம் சரியா இருக்கு. கால் இருக்குல்ல? ஏறிப் போ."

ஏறிப் போனேன். தம்பி மனைவி கதவைத் திறந்து, பேயைப் பார்த்த மாதிரி பார்த்து, உள்ளே ஓடினாள். அவன் வந்தான். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நீயும் ஊத்தினியா?" என்றான்.

"நீ ஊத்தறது எனக்கெப்படித் தெரியும்? எதையும் கேக்காம செய்யறவன்தானே நீ. அன்னைக்கும் அப்படித்தான்."

"என்னைக்கு? வாயைத் தொறந்து சொல்லு. ஆறு வருசமா காத்துக்கிட்டிருக்கேன்."

சொன்னேன். ரயில், நாலு மணி நேரம், கையெழுத்து. என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. நிறுத்தவில்லை. அவனும் விடவில்லை. நான் பெரிய படிப்புப் படித்த திமிரில் அவனை மனுசனாகவே மதித்ததில்லை என்றான், அவன் கல்யாணத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன் என்றான், எல்லாவற்றையும் கொட்டினான். கடைசியில் சொன்னான்.

"பெரியவன் வரட்டும்பான்னு நான்தான் சொன்னேன். அப்பா கேக்கல. 'அவன் வந்தா யோசிப்பான்டா. நான் வலியில கிடப்பேன், அவன் யோசிச்சுக்கிட்டிருப்பான். நீ போடு'ன்னாரு. போட்டேன்."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன்னைப் பத்தி அப்பா கடைசியா சொன்னது இதுதான்னா?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. இறங்கி வந்தேன். கீழே அம்மா தன் டிவி தொடரின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மனைவி சொன்னாள்.

மார்ச் 29, ஞாயிறு

பொய்யாக இருக்கலாம்.

ஆனால் அந்த 'யோசிப்பான்டா'. இழுத்து, பெருமூச்சோடு. அது அப்பாவின் இழுப்பு. அதை இட்டுக்கட்டும் அளவுக்கு அவனுக்குக் கற்பனை கிடையாது.

நான் வந்திருந்தால் யோசித்திருப்பேன். ஆமாம், யோசித்திருப்பேன். அதில் என்ன தப்பு? அப்பா, அதில் என்ன தப்பு?

மார்ச் 30, திங்கள்

சாப்பிடவில்லை. ஆபீஸில் ஒரு ஒப்பந்தத்தை மூன்று தடவை படித்தேன். எதுவும் ஏறவில்லை. ஓட்டை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

ஏப்ரல் 4, சனி

வண்டி வந்தது. சீல் புதிது, அளவுக் கம்பியும் புதிது. விஞ்ஞானி கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்கிற முகம் மட்டும் அவனிடம் கிடையாது. எனக்கும் அப்படி ஒரு முகம் இல்லை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

அவன் முறை. நான் லீவு போட்டிருந்தேன். ஏன் என்று மனைவி கேட்கவில்லை.

அவன் ஓட்டினான். அம்மா முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டதால் பின்னால் என் முட்டி இடித்தது. பெரிய சாலையில் போகாமல் சந்தைப் பக்கம் திருப்பினான். அந்த நேரத்தில் அங்கே லாரி இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியும். சொன்னேன். இடது பக்கம் ஒரு சந்து இருக்கிறது, அதில் போனால் ஆஸ்பத்திரி பின்வாசலுக்கே போய்விடலாம் என்றும் சொன்னேன். கேட்கவில்லை. லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"நீ கொஞ்சம் சும்மா வாண்ணே," என்றான்.

அம்மா கண்ணைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் லாரி நகரும்வரை சும்மா இருந்தேன்.