டீ நேரத்தில் வெளியே வராதவர்கள்

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு அப்பா எழுதுவது. குவைத் வெயிலில் நீயும் மருமகள் ஆஷாவும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத உட்கார்ந்தால் எங்கெங்கோ போய்விடுவேன், அதனால் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. வீட்டு நடப்பு.
2. நதியாவின் பனியன் கம்பெனியில் நடந்தது.
3. அவள் தொழிற்சங்கத்தை விட்டு விலகும்படி நீ போனில் சொல்ல வேண்டியது.

அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. உன் தங்கை டிபன்பாக்ஸை மறந்துவிட்டுப் போனாள் என்று செவ்வாய்க்கிழமை நானே கம்பெனிக்கு எடுத்துப் போனேன். டீ நேரம். தையல்காரர்கள் எல்லாரும் எதிர் பேக்கரிக்கு வந்துவிடுவார்கள், ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசாப் பெண்களை மட்டும் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள், உனக்குத் தெரியும். அன்று ஒருவரும் வரவில்லை. ஊத்துன டீயெல்லாம் ஆறுதுங்க, உங்க பொண்ணு கம்பெனிக்கு லீவுங்களா என்று பேக்கரிக்காரர் என்னைக் கேட்கிறார். திறந்த கேட் வழியாகப் பார்த்தால் உள்ளே கம்பெனி வேனை மறித்து மொத்தக் கூட்டமும் நிற்கிறது. சாயங்காலம் நதியா சொல்லித்தான் முழு விவரமும் தெரிந்தது. மினதி என்ற ஒடிசாப் பெண்ணுக்குக் காலையில் விரலில் ஊசி இறங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரி கேட்டவளுக்கு ப்ளாஸ்டரை ஒட்டி மிஷினில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், மாட்டேன் என்றதும் பையை எடு, ஊருக்கு ரயிலேறு என்றுவிட்டார் சூப்பர்வைசர். மற்றவர்கள் டீக்குப் போயிருக்கும்போது இப்படிப்பட்டவர்களை ரயில்வே ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவது அங்கே வழக்கம். அதனால் இன்று யாரும் டீக்குப் போகக்கூடாது என்று தையல் மிஷின் வரிசைகளில் லைன் லைனாகச் சொல்லி வைத்தது நம் நதியா. நம் தென்காசிப் பக்கத்து ஆட்கள், இந்த ஊர்க்காரர்கள், பீகார்ப் பையன்கள் எல்லாரும் நின்றார்கள். இவள் பேசிய இந்தியைக் கேட்டு அந்த நேரத்திலும் ஒடிசாப் பெண்கள் சிரிக்கிறார்கள்.

தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் பூவாத்தாள் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். ஏனுங்கக்கா, இந்திக்காரப் புள்ளைக்காக நீங்களுமா என்று சூப்பர்வைசர் கேட்டார். அந்த அம்மாள் மரியாதை கொஞ்சமும் குறையாமல், வண்டி ஸ்டேசனுக்குங்களா ஆஸ்பத்திரிக்குங்களா, அதை மட்டும் சொல்லுங்க கண்ணு, டீ இல்லாட்டி எனக்குத் தலைவலி வந்துரும் என்றார். வேன் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. மினதிக்கு வேலை உண்டு என்று மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் சொன்ன பிறகுதான் கூட்டம் நகர்ந்தது. நான் ரோட்டைத் தாண்டத் தைரியமில்லாமல் டிபன்பாக்ஸோடு பேக்கரி ஓரத்திலேயே நின்றேன்.

மறுநாள் நதியாவிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். இதோ பக்கத்தில் உட்கார்ந்து, பதிலை நல்ல தமிழில் எழுதிக் கொடுங்கப்பா, லைன் மொத்தமும் கையெழுத்துப் போடுது என்கிறாள். எழுதித்தான் கொடுக்கப்போகிறேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். மத்தியான வெயிலில் வெளியே அலையாதே. மூன்றாவதாக நான் போட்ட வரி தவறு. அவளிடம் அப்படி எதுவும் சொல்லிவிடாதே.

உன் அப்பா
குருசாமி