குரலை மாற்றினாய், மெஷினை மறந்துவிட்டாய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் நலமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். நலம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேனே தவிர, என் நலத்தைப் பற்றிப் பதினேழு லட்சம் பேருக்குத் தெரியும் என்பது நினைவுக்கு வந்ததும் கை கூசிவிட்டது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, தம்பியிடம் "அம்மாவுக்கு என்னடா ஆச்சு" என்று கேட்டாயாம். ஒன்றும் ஆகவில்லை. காகிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால்தான் அளவு எழுதும் நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பியை அச்சகத்தில் நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள், அன்றிலிருந்து சட்டையை இஸ்திரி போடாமல் வெளியே கிளம்புவதில்லை, யாருக்காக என்று கேட்டால் முறைக்கிறான். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அப்பா மூன்று தடவை சரி செய்தார், மூன்று தடவையும் முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. அவருடைய கம்பெனி வேனுக்கு நாலு டயரும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கடையில் வேலைக்குக் குறைவில்லை, பேன்ட் கால் மடிப்பதும் ஜிப் மாற்றுவதும் இடுப்பு பிரிப்பதும்தான் அதிகம், உலகத்தில் எல்லோருக்கும் இடுப்பு பெருத்துக்கொண்டே போகிறது, நீ உன் நிகழ்ச்சியில் அதைப் பற்றியும் ஏற்கெனவே இரண்டு பகுதி பேசிவிட்டாய்.

இணையத்தில் இந்த உடல்நல நிகழ்ச்சியை நீ எப்படித் தொடங்கினாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. ஆய்வுக்கூட வேலை முடிந்து வந்து, வாடகை அறையில் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பேசிப் பதிவு செய்வாய், எதிரொலி வராதாம். முதல் பகுதியை நாற்பத்து மூன்று பேர் கேட்டார்கள். அதில் பதினோரு பேர் அப்பாவின் வேனில் காலையில் ஆபீசுக்குப் போகிறவர்கள், தூங்கிக்கொண்டு வந்தவர்களையும் எழுப்பிக் கேட்க வைத்தார். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுகிறாய் என்று உனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவரே அவர்தான், "பாத்தியா, நம்ம ரேடியோ இப்ப நிஜமாவே ரேடியோ ஆயிடுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அடுத்து பேசப்போவதை முதலில் எனக்குச் சொல்வாய். நான் மெஷினை மிதித்துக்கொண்டே, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாபின் டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்பேன், எந்த இடத்தில் "புரியலடி" என்கிறேனோ அந்த இடத்தை நீ அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவாய். சர்க்கரை வியாதியை எனக்குப் புரியவைக்க உனக்கு ஐந்து வாரம் ஆனது. பிறகும் ஆயிரம் இரண்டாயிரம் என்றுதான் ஆள் ஏறியது. நீ ஒரு பகுதியில் தப்பாகச் சொன்ன ஒன்றை அடுத்த பகுதியில் முதல் வேலையாக "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று ஒப்புக்கொண்டாயே, அன்றைக்குத்தான் ஜனங்களுக்கு உன்மேல் நம்பிக்கை வந்தது. எது நிச்சயம், எது இன்னும் தெரியாது, நீங்கள் வீட்டில் என்ன செய்யலாம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வதும், கேட்டவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதுவதும், ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டிப் போடுவதும், ஒவ்வொன்றாக நீ கண்டுபிடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோலவே இருக்கிறது. ஒரு பேட்டியில் "என் முதல் கேட்பாளர் அம்மாதான்" என்று நீ சொன்னதைத் தம்பி அச்சடித்துக் கொண்டுவந்தான், கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். ஒட்டியிருந்தேன் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, இப்போது அங்கே பசை மட்டும்தான் இருக்கிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மூட்டு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். நடுவில் நீ ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, நான் சிரிக்காமல் இருக்க, "என்னமா, உனக்கு என்ன பிரச்சனை" என்று கேட்டாய். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். சிரித்தால், இருமினால், தும்மினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது, அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன், பஸ்ஸில் ஏறுவதில்லை, நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதில்லை, கடையில் எப்போதும் ஒரு மாற்றுப் பாவாடை வைத்திருக்கிறேன், உங்கப்பா ஜோக் அடிக்க ஆரம்பித்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். நீ நல்ல மகளாகத்தான் நடந்துகொண்டாய், அதை மறைக்க மாட்டேன். எந்தத் தசையை இறுக்க வேண்டும், எத்தனை எண்ணும் வரை பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய், பெண் மருத்துவர் ஒருவரையும் ஏற்பாடு செய்தாய், மூன்று மாதம் விடாமல் செய்தேன், குறைந்தது. இப்படி ஒரு பெண்ணைப் பெற்றேனே என்று பூரித்துப்போயிருந்தேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அப்பா வழக்கம்போல வேனில் உன் புதுப் பகுதியைப் போட்டார், உள்ளே பன்னிரண்டு பேர். முதல் பத்து விநாடியில் ஆளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் என்பாயே, அந்தப் பத்து விநாடியில் ஒரு பெண் குரல், "எனக்கு சிரிக்கவே பயமா இருக்கு" என்கிறது. குரலைக் கட்டையாக மாற்றியிருந்தாய், அது யார் என்று பெற்ற தாய்க்கே தெரிந்திருக்காது. ஆனால் பின்னால் மெஷின் ஓடுகிறது. போன வருடம் மெஷின் பெல்ட் அறுந்தபோது வேன் கம்பியை வளைத்து அப்பாதான் இணைப்புப் போட்டுக் கொடுத்தார், அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று அந்தக் கம்பி சக்கரத்தில் இடிக்கும். முப்பது வருடம் இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்ன மனுஷனுக்கு அவர் போட்ட கம்பி தெரியாதா? வண்டியை ஓரம் கட்டிவிட்டு அணைத்திருக்கிறார். அதற்குள் வேனில் வருகிற கணக்குப் பிரிவு அம்மா, வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் துணி கொடுக்கிறவள், "அண்ணே, இது அக்கா கடை மெஷின் மாதிரி இருக்கே" என்று கேட்டுவிட்டாளாம். சாயங்காலத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. சலவைக்காரர் கடை வாசலில் நின்று, "என்னக்கா, மெஷின் நல்லா ஓடுதா" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் என்ன பதில் சொல்வது, நீயே சொல், உனக்குத்தான் எல்லாக் கேள்விக்கும் ஆதாரத்தோடு பதில் தெரியுமே.

அன்றைக்கு நான் போன் செய்து அழுதபோது நீ சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "பேரு சொல்லலமா, மூஞ்சி காட்டலமா, ரெக்கார்ட் பண்றேன்னு முதல்லயே சொன்னேன், நீ சரின்னுதானே சொன்ன." சொன்னேன். எனக்கு எங்கே புரியவில்லை என்பதை நீ அப்புறம் கேட்டுப் பார்க்க என்று சொன்னாய், சரி என்றேன். விளக்கு ஏற்ற நெருப்பு கேட்டு வந்தவளுக்குக் கொடுத்தேன், நீ கூரையில் வைத்தாய். யாரோ ஒரு ஆராய்ச்சியாளருடைய படம் ஒன்றைக் காட்டுவதற்கு அவருக்கு எழுதி, ஒரு மாதம் காத்திருந்து அனுமதி வாங்கினாய், அது முறை என்று எனக்கே விளக்கினாய். அந்த முகம் தெரியாத மனுஷனுக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசி எனக்கு இல்லையா? நான் தண்ணீரைக் குறைத்ததைச் சொல்லி, "இந்த அம்மா செய்த முதல் தப்பு" என்று பதினேழு லட்சம் பேருக்குப் பாடம் நடத்தினாய். தப்புதான், நீ சொன்ன காரணமும் சரிதான். ஆனால் யார் அந்த "இந்த அம்மா"? இன்னொன்றும் சொல்கிறேன். தெரு சிரித்தது ஆறிவிடும். தம்பியிடம் அந்தத் துண்டைப் போடச் சொல்லி ஒரே ஒரு தடவை கேட்டேன். நான் உன்னிடம் "எனக்கு சிரிக்கவே பயமா இருக்குடி" என்றுதான் சொன்னேன். கடைசியில் இருந்த அந்த "டி"யை நீ வெட்டியிருக்கிறாய். உட்கார்ந்து, காது கொடுத்து, இடம் பார்த்து வெட்டியிருக்கிறாய். அவசரத்தில் நடந்தது, யோசிக்கவில்லை என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அப்பா மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நாலாவது நாள் சாப்பிட்டுக்கொண்டே, "மூணு வருஷமா என் ஜோக்குதான் மட்டமாயிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவரிடம் சொல்லாதது என் தப்பு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டியவள் நான், வேன் ஸ்பீக்கர் இல்லை. இப்போது வேனில் உன் நிகழ்ச்சியைப் போடுவதில்லை. கேட்கிறவர்களிடம் ஸ்பீக்கர் ரிப்பேர் என்கிறார். வண்டியில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் தூங்காத மனுஷன், ஒரு மாதமாக ரிப்பேர் என்கிறார்.

நேர்மையாக எழுதுகிறேன் என்றால் இதையும் எழுத வேண்டும். பேக்கரிக்காரர் மனைவி ஒரு பாவாடையோடு வந்தாள், அதில் பிரிக்கவும் ஒன்றுமில்லை பிடிக்கவும் ஒன்றுமில்லை. அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அது எத்தன நாள்ல சரியாச்சு" என்று கேட்டாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது, இருந்தாலும் சொல்லிக்கொடுத்தேன். அவளைச் சேர்த்து இதுவரை ஆறு பேர். அந்தக் கணக்குப் பிரிவு அம்மாவும் வந்தாள், அன்றைக்கு வேனில் வாயைத் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, தனக்கும்தான் என்றாள். அதனால் நீ பேசிய விஷயம் பேச வேண்டிய விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீ கேட்டிருந்தால் ஒரு வாரம் யோசித்துவிட்டு நானே சரி என்று சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது, அதுதான் என்னை அரிக்கிறது.

இப்போது தம்பி மூலமாக நீ சொல்லி அனுப்பியதற்கு வருகிறேன். அந்தப் பகுதியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோரும் அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறார்கள், இரண்டாம் பகுதிக்கு நானே முகத்தோடு வந்து பேச வேண்டும், இந்த முறை அனுமதி கேட்டுத்தான் செய்வதாகவும் சொல்லியிருக்கிறாய். வர மாட்டேன். திரைக்குப் பின்னால் வருகிற ஆறு பேருக்குச் சொல்கிறேன், அவர்கள் பெயரை உங்கப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை, எனக்கு அந்த ஆறு பேர் போதும். உனக்குக் கேட்கிறவர்கள் வேண்டுமென்றால் வழி உனக்கே தெரியும், போன வாரம் நான் செய்தது தப்பு என்று தொடங்கு, அப்படிச் சொல்லித்தானே வளர்ந்தாய். உன் பாடங்களைக் கேட்டுப் "புரியல" என்று சொல்ல இனி வேறு யாரையாவது பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுக்கிறேன், பெற்ற மனம் எத்தனை நாளைக்கு மாட்டேன் என்று சொல்லும்? சாப்பிட்டாயா, தூங்கினாயா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறாயா என்று கேட்பேன். அதற்கு மேல் என்னிடமிருந்து வராது, வருவதற்கு நாளாகும்.

நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இரு, உன் உழைப்பு வீண் போகக் கூடாது, இந்த ஆசீர்வாதத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கூன் போட்டு உட்காராதே. கூப்பிடும்போது அந்தப் பதிவுக் கருவியை வேறு அறையில் வைத்துவிட்டுக் கூப்பிடு, மறந்துவிடாதே. கடைசியாக ஒரு நல்ல செய்தி. நேற்று அப்பா மெஷின் பெல்ட்டுக்குப் புதுக் கம்பி போட்டார், இப்போது சத்தமே இல்லை. போட்டு முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே ஒரு ஜோக் சொன்னார். நான் எழுந்து உள்ளே போகவில்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன், ஒன்றும் ஆகவில்லை. என்ன ஜோக் என்று கேட்காதே, உன்னிடம் சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா