வைகறைதோறும் காலியான மேகம்

நலம் பெருகுக. மூன்று பக்கம் கடல் காவல் நிற்க, நான்காம் பக்கம் தாமே காவல் நிற்கும் வெண்டுறை நாட்டு அரசியார், உப்பளமும் புன்னைக்காடும் தம் குடைக்கீழ் வைத்த நறுமுகைத் தேவியார், கோடைக்கு எழுந்தருளியிருக்கும் குளிரோடை மலைமாளிகைத் திருமுன்பு, பேரமைச்சர் பெருஞ்சேந்தனார் சொல்ல, ஓலைநாயகம் எயினன் எழுதுவது. மலையில் மழையும், மாளிகையில் அமைதியும், தேவியாரின் முழங்காலில் நலமும் நிலைப்பதாக.

இவ்வோலை எழுதப்படும் இந்நேரத்தில் அமைச்சர் மேக அறையின் கதவில் முதுகைக் கொடுத்து, எதிரிலுள்ள கல்மேடையில் இரு கால்களையும் ஊன்றி, வேர்வை வழியத் தரையில் அமர்ந்திருக்கிறார். கதவுக்கு அப்பால் வைகறை அதிகாரி வெண்ணி, கையில் சுத்தியலோடு. உள்ளே, தேவியாரின் ஒரே மகள் ஆம்பல் இளவரசியார் பிறந்த நாள் முதல் கடல் கடந்து மணமாகிப் போன நாள் வரை எடுத்த நாற்பத்தோராயிரம் படங்கள். இவற்றுக்கு உலகில் வேறு நகல் இல்லை. பொழுது சாயும் வரைதான் வெண்ணி காத்திருப்பார். அதற்குமேல் ஒரு கணமும் முறை இடம் தராதாம்.

நடந்தது இது. இத்தனை காலம் தேவியாரின் படங்களும் குறிப்புகளும் கார்குழி நாட்டாரின் மேகத்தில், அதாவது அவர்கள் நாட்டுக் கணினிகளில், குடியிருந்தன. முழங்கால் வலிக்கிறது என்று தேவியார் ஒரு வரி எழுதி வைத்தார். மறுநாள் காலை கார்குழியின் தைல வியாபாரிகள் பதினேழு பேர் கோட்டை வாசலில் நின்றார்கள். ‘நம் வீட்டுப் பேச்சு நம் வீட்டில் இருக்கட்டும், நமக்கென்று ஒரு மேகம் வேண்டும்’ என்று சபையில் தேவியார் திருவாய் மலர, கார்குழியார் நம் கணக்கை மூடக் குறித்த கெடு முடிவதற்குள் அதை நிறுவிக் காட்டுவதாகவும், தவறினால் அமைச்சு மோதிரத்தைக் கழற்றி வைப்பதாகவும் பெருஞ்சேந்தனார் சூளுரைத்தார். அந்த வாயை அன்று யாராவது பொத்தியிருக்கலாம் என்று இப்போது அவரே சொல்கிறார்.

மேகத்தை நிறுவுவது என்னவோ சுலபம் என்றுதான் நினைத்தார். கணினி ஒன்று, அதனுள் கொள்கலன்கள் மூன்று. ஒவ்வொரு கொள்கலனிலும் ஒரு மென்பொருளும் அது உயிர்வாழ வேண்டிய சகலமும் கட்டி வைக்கப்பட்டிருக்கும். தூக்கி வைத்தால் ஓடும், சலித்தால் தூக்கி எறிந்துவிட்டு அதே அச்சிலிருந்து புதியதை வார்த்துக்கொள்ளலாம். படம் காட்ட ஒன்று, பட்டியல் காக்க ஒன்று, வாயில் காக்க ஒன்று. முதல் நாள் படக் கொள்கலனும் வாயிற் கொள்கலனும் உள்ளே நுழையும் ஒரே வாசலின் எண்ணை இரண்டும் பிடித்துக்கொண்டு, பந்தியில் இலைக்குச் சண்டையிடும் சம்பந்திகளைப் போல நின்றன. எண்ணை மாற்றினால், பட்டியலைக் காணவில்லை என்று படக் கொள்கலன் அலறியது. பட்டியலோ பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தது. கட்டளை வரி ஒன்றில் ஓர் இடைவெளி குறைந்ததற்காக மூன்றும் சேர்ந்து படுத்துக்கொண்டன. போர் முனையில் இரண்டு முறை அம்பு பட்டவர் அமைச்சர். அப்போதெல்லாம் இப்படிக் கத்தியதில்லை.

எப்படியோ ஓடியது. அன்று மாலைக்குள் கார்குழியிலிருந்து படங்களின் நகல்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. மறுநாள் காலை திறந்தால், மேகம் காலி. கொள்கலன்கள் மூன்றும் பிறந்த குழந்தையைப் போலச் சிரித்துக்கொண்டு, ‘நல்வரவு, தாங்கள் யார்?’ என்று கேட்டன.

மறுபடி ஏற்றினார். மறுநாளும் காலி. இப்படிப் பதினொரு நாள்! கார்குழி ஒற்றர் வேலை என்று கம்பிகளைச் சோதித்தார். கடவுச்சொல்லைத் தினமும் மாற்றினார். ஒன்பதாம் நாள் வைத்தது முப்பத்திரண்டு எழுத்து, அதில் அவரே வெளியில் நின்றார். செய்தி கேட்டுத் தேவியார் சினந்து, ‘என் மேகத்தை வெறுமையாக்கும் குற்றவாளி யாராயினும், நாற்பத்தோராயிரம் படங்களையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே பெயரும் நாளும் எழுதி அடுக்கக் கடவது’ என்று தண்டனையை முன்னதாகவே விதித்து அனுப்பிய ஓலையும் வந்தது. நேற்றுப் பன்னிரண்டாம் முறையாகப் படங்கள் ஏறின. மாலையோடு கெடு முடிந்து கார்குழியார் தம் மேகத்தை அழித்து, கம்பியையும் அறுத்தார்கள். அமைச்சர் எயினனையும் கூட்டிக்கொண்டு மேக அறைக்குள்ளேயே பாய் விரித்தார்.

இன்று வைகறை மணி அடித்தது. கதவு திறந்தது. விளக்கும் சுத்தியலுமாக வெண்ணி வந்தார். கணினி முன் அமர்ந்தார். முப்பது ஆண்டாகப் பானை உடைத்த பழக்கத்தில், தயிர் கடைவது போல நிதானமாக, மூன்று கொள்கலன்களையும் ஒழித்துப் புதிதாக வார்க்கும், கடவுச்சொல்லே கேளாத கட்டளையைத் தட்டத் தொடங்கினார். அமைச்சர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதுமாறு உத்தரவு. “அடிப்பாவி! நீயா?” “நான்தான் ஐயா. வேற யாரு இந்த நேரத்துக்கு எழுந்திருப்பா?” “பதினொரு நாளாகவா?” “ஒரு நாள்கூட விடலைங்க. காய்ச்சல்லகூட வந்தேன்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

தேவியார் அறிவீர்கள். முன்னோர் ஒருவர் பழைய குவளையில் நஞ்சு அருந்தி மாண்ட நாள் முதல், அரண்மனை அறைகளில் நேற்றைய பொருள் எதுவும் இன்று இருக்கலாகாது. பானை உடைபடும், மாலை எரிபடும், திரி மாற்றப்படும். மேக அறைக்கும் அம்முறை உண்டு என்பதற்கு வெண்ணி மடியிலிருந்து ஆணை ஓலை ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் முத்திரையை அமைச்சர் விளக்கருகே பிடித்துப் பார்த்தார். அது யாருடையது என்பதை இவ்வோலையின் கடைசியில் வைக்குமாறு எயினனுக்குக் கட்டளை. முதலிலேயே சொன்னால் மீதி படிக்கப்படாது என்று அஞ்சுகிறார்.

குற்றத்தில் அமைச்சருக்கும் பங்குண்டு, மறைக்கவில்லை. கொள்கலன் உடைவதற்கென்றே பிறந்தது. அதற்குள்ளேயே படங்களைப் போட்டது அவர் பிழை. உடனே வெண்ணியை நயமாகப் பேசி வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தி, தனியாக ஒரு நினைவுத் தட்டைப் பூட்டி, படங்களை அதற்கு மாற்றி, கொள்கலன் அங்கிருந்தே எடுத்தாளும்படி இணைத்துவிட்டார். இனிக் கொள்கலனை நாள்தோறும் நொறுக்கினாலும் படத்துக்குச் சேதமில்லை. வென்றோம் என்று கதவிடுக்கு வழியே கூவினார்.

“அந்தத் தட்டுல இருக்கிறதும் நேத்து ஏத்தின படம்தானே ஐயா?” என்றார் வெண்ணி.

“பானையை உடைக்கிறாய், கிணற்றைத் தூர்க்கிறாயா?”

“கிணத்துக்கு விலக்கு ஓலை இருக்குங்க. இதுக்கு இருக்கா? ஆணைக்கு எந்த முத்திரையோ விலக்குக்கும் அதே முத்திரை வேணும். காட்டுங்க, சுத்தியலை வச்சுட்டு வீட்டுக்குப் போறேன். வைகறைக்கு முன்னாடியே எழுந்து வந்திருக்கேன், எனக்கும் முதுகு வலிக்குது.”

அவரைக் கோபிக்கவும் வழியில்லை. நாட்டில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர் அவர் ஒருவரே. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் இருப்பது ஒரே வாசல். சுவரிலுள்ள காற்றுத் துளையில் ஓலை நுழையும், தட்டு நுழையாது.

ஆதலால் துளை வழியே தரப்படும் இவ்வோலையோடு, ‘நினைவுத் தட்டு கிணற்றுக்கு ஒப்பாகும், வைகறை முறை அதைத் தீண்டாது’ என்று எழுதிய விலக்கு ஓலை ஒன்றும் வருகிறது. குதிரைக்காரன் மலையேறி இறங்கப் பகல் முழுதும் வேண்டும். தேவியார் வேறு வேலை பாராமல், உண்ணுதல் ஒழிந்து, மைச்சிமிழ் வரும்வரைகூடத் தாமதியாமல் அதில் முத்திரை வைத்துத் தந்தருள வேண்டும். அமைச்சர் தம் மோதிரத்தைக் கழற்றிக் கல்மேடையில் வைத்திருக்கிறார். முத்திரை வந்தால் அணிவார், வராவிடில் சுத்தியலின் கீழ் தட்டுக்கு முன் அதை வைப்பார்.

இனிக் கடைசி வரி. வெண்ணியின் ஓலையில் இருந்தது இரட்டை அன்றில் முத்திரை. தேவியாரின் வலக்கை மோதிரம். மலைக்குப் புறப்பட்ட காலை, பல்லக்கில் அமர்ந்தபடி, ‘படிக்க நேரமில்லை, நீட்டுங்கள்’ என்று நாற்பது ஓலைகளில் அடுத்தடுத்துப் பதித்தீர்களே, அதில் இருபத்தேழாவது. கட்டைப் பிரித்தும் பாராமல், ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிய கை பெருஞ்சேந்தனாருடையது. ஆகவே தேவியார் விதித்த தண்டனையின்படி இருபதினாயிரத்து ஐந்நூறு படங்களை எழுதி அடுக்க அமைச்சர் ஆயத்தமாயிருக்கிறார். மற்ற பாதி தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்.

இப்படிக்கு, கதவை விட்டு நகராத பேரமைச்சரின் இடக்கைப் பெருவிரல் ரேகையே முத்திரையாக. விரைக.