ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவை

செவ்வாய், காலை

அன்புள்ள வாலுக்கு,

நான் ரொட்டிக்கூடத்து இரவு வேலை முடிந்து வரும்போது நீ பள்ளிக்கூடம் போயிருப்பாய். நீ வரும்போது நான் கிளம்பியிருப்பேன். இரண்டே பேர் உள்ள குடும்பத்தை ஃப்ரிட்ஜ் கதவுதான் நடத்துகிறது.

உன் போன கடிதத்தை ரொட்டிக்கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் அடுப்புக்காரர் ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கிவிட்டார். ஒரு குறை: நேற்று வைத்த சோறு அப்படியே இருக்கிறது. என் சமையலுக்கு இது விமர்சனமா?

அன்புடன்,
அப்பா

செவ்வாய், மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

சமையல்மேல் குற்றமில்லை. பசி விடுப்பில் போயிருக்கிறது, தூக்கத்தையும் கூட்டிக்கொண்டு. கணக்கு வாத்தியார், "என்னம்மா, கனவு காண்றியா?" என்றார். "அதுக்குத் தூங்கணுமே சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. தலைவாரச் சீப்பை எடுத்தால் அதிலேயே அன்றைய தெம்பு தீர்ந்துவிடுகிறது. பரீட்சை வருகிறது, பயமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அடுப்புக்காரருக்கு வணக்கம்.

வாலு

வியாழன், காலை

அன்புள்ள வாலுக்கு,

பசியின் விடுப்பு பிரமாதம். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அடுப்புக்காரர் அடுத்த கடிதம் எப்போது என்கிறார். பரீட்சைக்குப் பயப்படாதவள் என் பெண்தான்.

அப்பா

வெள்ளி, மதியம்

அப்பா,

இதை வாசித்துக் காட்டாதீர்கள்.

நான் இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. நேற்றும் போகவில்லை. சீருடை போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. கதவு சாத்தியிருந்ததால் போய்விட்டேன் என்று நினைத்துத் தூங்கிவிட்டீர்கள். உங்கள் குறட்டை ஒன்றுதான் துணை.

நான் இல்லாமல் போனால் யாருக்கு என்ன என்று ஒரு நினைப்பு வருகிறது. என் குரலிலேயே பேசுகிறது. அதனிடம் என்னைத் தனியாக விடாதீர்கள்.

உங்கள் மகள்

வெள்ளி, மாலை

என் கண்ணே,

இதை ஃப்ரிட்ஜில் ஒட்டவில்லை. உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். கூப்பிடத்தான் வந்தேன், கை காகிதத்தை எடுத்துவிட்டது. எழுதித்தானே நமக்குப் பழக்கம்.

நீ சொல்லிக்கொண்டேதான் இருந்தாய். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று வேலைக்குப் போகவில்லை. டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன், இப்போதே அழைத்து வரச் சொன்னார். "இது வியாதிதாங்க, திமிர் இல்ல. பிள்ளைய தனியா விடாதீங்க" என்றார். தலைவார வேண்டாம். சீருடையோடு வா.

எனக்கும் பயமாக இருக்கிறது, கண்ணு. உன் அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். பதில் எழுதாதே. கதவைத் திற.

அப்பா

(அதே தாளின் பின்பக்கம்)

அப்பா,

கதவைப் பூட்டவே இல்லை.