கேட்பவர்: ஒருவர்

அக்டோபர் 7, செவ்வாய்

உயிரியல் தேர்வில் சிறுநீரகம் வரையச் சொன்னார்கள். அவரை விதை மாதிரி வந்துவிட்டது. பாகங்களின் பெயரைச் சரியாகக் குறித்திருக்கிறேன், அதற்காவது ஏதாவது போடுவார்கள்.

எல்லோரும் தூங்கிய பிறகு படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். துடைப்பம், கம்பி உடைந்த குடைகள், அண்ணன் விட்டுப்போன கணினி, நான். கணினியின் பச்சை விளக்கு இந்த நோட்டின் அரைப்பக்கத்துக்குப் போதும். வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் இதை அணைத்துவிடாதே என்றான். தேர்வுகள் முடியும்வரை இதைத் தொடக்கூடாது என்றார் அப்பா. இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். அண்ணன் சொன்னதை மட்டும் செய்கிறேன்.

'ஒலிபரப்பைத் தொடங்குவது எப்படி' என்ற பக்கத்தை இன்று முடித்து ஏற்றிவிட்டேன். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இணைய வானொலி நடத்துவதற்கான இலவச மென்பொருள் அது. எங்கெங்கோ இருக்கும் ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து கட்டுகிறார்கள். அதற்குத் தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதுவதும், பழசாகிப்போனதைத் திருத்துவதும் ஒரு வருடமாக என் பொறுப்பு. அங்கே என் பெயர் தும்பி. மென்பொருளின் பெரும்பகுதியை எழுதுபவர் தன்னைக் கோந்து என்று அழைத்துக்கொள்கிறார். அவருக்கு நான் 'சார்'. நான் மறுத்ததில்லை. வகுப்பில் டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே யாரும் என்னை எழுப்புவதில்லை.

பக்கத்தைப் படித்துவிட்டு அவர் எழுதியது: "சார், இதைப் பாத்தா எங்க அத்தைகூட வானொலி நடத்திடுவாங்க."

ஒவ்வொரு வரியையும் இந்தக் கணினியில் செய்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். எனக்குக் கர்வம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

அக்டோபர் 8, புதன்

சிறுநீரகத்துக்கு ஐந்துக்கு மூன்று.

அக்டோபர் 10, வெள்ளி

பள்ளி விட்டு வந்தால், அப்பாவும் அம்மாவும் திரும்புவதற்குள் எனக்கு இரண்டு மணி நேரம் உண்டு. இன்று நாலரைக்குக் கணினியைத் திறந்தால் உள்ளே மூன்று வானொலி நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் எதையும் தொடங்கவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டினேன். முதலாவதில் ஒரு மின்விசிறி. வேறு எதுவும் இல்லை. சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்கிறது. இரண்டாவதில் யாரோ புல்லாங்குழலில் ஒரே நாலு ஸ்வரத்தை ஏறுகிறார்கள், நாலாவதில் வழுக்கி மறுபடி அடியிலிருந்து. மூன்றாவதில் ஒரு பெண். "ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதான்னு தெரியலையே. பச்சை எரியுது. எரிஞ்சா சரின்னுதான் போட்டிருந்தது."

கூடத்து வெயில் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து குடைகளின்மேல் படுத்திருந்தது. யார் யாருடையவோ அறைகள் மிதந்து வந்து எங்கள் படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கிய மாதிரி இருந்தது. பயமாக இருந்தது. ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை. மின்விசிறியை மட்டும் அரை மணி நேரம் கேட்டேன்.

அக்டோபர் 11, சனி

ஐயோ.

காலையில் பல் தேய்க்கும்போது புரிந்தது. வாயில் நுரையோடு ஓடி வந்து பார்த்தேன். 'ஒலிபரப்பைத் தொடங்குவது எப்படி' பக்கத்தில், மாதிரி அமைப்பு என்ற இடத்தில், எங்கள் வீட்டுக் கணினியின் முகவரி. கடவுச்சொல்லோடு.

மாதிரியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முகவரியைத்தான் போட வேண்டும். பக்கம் எழுதுபவர்களுக்கான விதிகளில் மூன்றாவது விதி அது. அந்த விதியை எழுதியதே நான். இங்கே சோதித்துப் பார்த்து, வேலை செய்ததும் சந்தோஷத்தில் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். பக்கத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நகலெடுத்தவர்களின் வானொலியெல்லாம், அவர்கள் அனுப்ப நினைத்த இடத்துக்குப் போகாமல் என்னிடம் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு நிமிடத்தில் முகவரியை மாற்றினேன். என்ன மாற்றினாய் என்று ஒரு வரி எழுதினால்தான் ஏற்ற விடும். 'சிறு திருத்தம்' என்று எழுதினேன்.

சிறு.

அக்டோபர் 13, திங்கள்

பக்கம் சரியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே நகலெடுத்தவர்களுக்கு யார் சொல்வது? மின்விசிறியும் புல்லாங்குழலும் போய்விட்டன, அவர்களாகவே கண்டுபிடித்திருப்பார்கள். அந்தப் பெண் மட்டும் வந்தார். நாலரைக்கு, சொல்லி வைத்த மாதிரி.

"கண்ணு, அம்மா வந்துட்டேன். உனக்கு அங்க தூங்குற நேரம். இங்க கடையில டீ குடிக்க விடுற நேரம். கிடங்குல செருப்புப் பெட்டிக்கு நடுவுல உக்காந்திருக்கேன், அதான் குரல் இப்படிப் பஞ்சு மாதிரி வருது. ஃபோன்தான் ஞாயித்துக்கிழமைக்குன்னு ஆயிடுச்சு. கதைக்கு யாரும் கிழமை வைக்கலையே."

பிறகு கதை. அவரே கட்டுவது போலிருக்கிறது, நடுநடுவே தாளைத் திருப்பும் சத்தம். ஒரு கட்டடம். வெளியிலிருந்து எண்ணினால் ஏழே மாடி. லிஃப்ட்டை இயக்கும் சிறுமிக்கு மட்டும் எட்டாவது பொத்தான் தெரிகிறது. எட்டாவது மாடியில் மேகங்களைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். ஒரு மேகத்தில் பொத்தான் அறுந்திருக்கிறது.

கதையை ஆரம்பிப்பதற்கு முன் அவர் சிரித்தபடி சொன்னது காதில் நிற்கிறது. "கேட்பவர் ஒருவர்னு காட்டுது. வந்துட்டியா?"

எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது ஒலிபரப்புகிறவரின் திரையில் தெரியும். அதையும் பக்கத்தில் நான்தான் விளக்கியிருக்கிறேன்.

அந்த ஒருவர் நான்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒன்பதாவது மாடியில் தொலைந்துபோன மத்தியானங்கள் அடுக்கி வைத்திருக்கின்றன. தொட்டால் சூடாக இருக்கும். சாப்பிடும்போது அது நினைவுக்கு வந்துவிட்டது. "என்னடி, சோத்தைப் பாத்து சிரிக்கிற?" என்றாள் அம்மா. அவளுக்கு இன்றைக்குக் கால்வலி. நான் காரணம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாதே.

என் அம்மா எனக்குக் கதை சொன்னதில்லை என்று சொல்ல வரவில்லை. வேலைக்குப் போய் வருகிறவளுக்கு எங்கே நேரம். ஆனால் ஒருவர் காதுக்குள் 'கண்ணு' என்று கூப்பிட்டால், அது வேறு யாரோ என்று தெரிந்தாலும், உடம்பு திரும்பிப் பார்க்கிறது.

அக்டோபர் 15, புதன்

இன்று ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். கேட்காமல் இருந்துவிட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகும். ஏதோ சரியில்லை என்று அவரே தேடிக் கண்டுபிடிப்பார். நான் வாயே திறக்க வேண்டாம். பாதிக் கதையில் இணைப்பை மூடினேன். ஐந்து நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு.

தாங்கவில்லை. திரும்ப வந்தால் அவர் கதையை நிறுத்தியிருந்தார். பெட்டிகளுக்கு நடுவே ஒரே அமைதி. பிறகு, "ஆ... வந்துட்டியா. போயிட்டியோன்னு நினைச்சேன். தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சம்தான்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் போனால் அவருக்கு வலிக்கிறது. நான் இருந்தால் பொய். வானொலியில் திரும்பிப் பேச வழியில்லை. அவர் அறைக்குள் நிற்கிறேன், என்னைப் பார்த்து வேறொருத்தி பெயர் சொல்லிச் சிரிக்கிறார்.

எங்கோ அவருடைய மகள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? படுக்கையில், எதுவும் கேட்காத ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு?

நேற்றே எழுதியிருக்கலாம். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்கும் இணைய மன்றத்தில் ஒரு வரி போதும். ஆனால் எழுதினால் முகவரி யாருடையது என்று கேட்பார்கள். தும்பி சார் ஒன்பதாம் வகுப்பு என்று தெரிந்துவிடும். பக்கங்களைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்பாவுக்குத் தெரியும்.

சரி, இதையும் எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை. பயம் மட்டும் இல்லை. எழுதினால் கதை நின்றுவிடும்.

அக்டோபர் 16, வியாழன்

படிக்கட்டுக்கு அடியில் என்ன உறுமுகிறது என்று அப்பா கேட்டார். ஃப்ரிட்ஜ் என்றேன். ஃப்ரிட்ஜ் சமையலறையில் இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

பதிமூன்றாவது மாடி. மழையைப் பெயர் எழுதிய அலமாரிகளில் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விடும்போது பெய்வது ஒரு அலமாரி. யாரும் பார்க்காதபோது பெய்வது ஒரு அலமாரி. லிஃப்ட்டுச் சிறுமி ஒன்றைத் திறக்கப் போகிறாள். எதை என்று திங்கட்கிழமைதான் தெரியும்.

நாளை ஞாயிறு. அவர்கள் ஃபோனில் பேசும் நாள்.

அக்டோபர் 20, திங்கள்

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

நாலரை. ஹெட்ஃபோனை மாட்டினேன். கதை வரவில்லை. மூச்சு மட்டும். பிறகு மெதுவாக, யாரிடமோ பேசுவது போல இல்லாமல், திரையைப் பார்த்துப் படிப்பது போல:

"நேத்து அவகூடப் பேசினேன். ஆறு நாளா தூங்காம உக்காந்திருந்தாளாம். ஒரு சத்தமும் வரலையாம். 'நீ ஒருநாள்கூட வரலம்மா'ங்கிறா. வந்தேன்டி, நீ கேட்டியே, ஒண்ணுன்னு காட்டுச்சேன்னா, பொய் சொல்றேன்னு ஃபோனை அவங்கப்பாகிட்ட குடுத்துட்டா."

தாள் மடிக்கும் சத்தம்.

"இப்பவும் ஒண்ணுன்னு காட்டுது. யாருங்க நீங்க?"

நான் அசையவே இல்லை. அசைந்தால் அவருக்குக் கேட்டுவிடும் என்பது போல.

"யாராயிருந்தாலும் சொல்லுங்க. இல்லேன்னா இதோட நிறுத்திடுறேன். அந்தப் பிள்ளைகிட்ட இன்னொரு தடவை பொய்க்காரியாக முடியாது என்னால."

அணைத்துவிட்டார். பட்டியலில் ஒரு நிலையம்கூட இல்லை. வெறும் திரை.

நான் என்ன பண்ணிட்டேன். ஆறு நாள். ஆறு நாள் அவ கதையைத் திருடித் தின்னிருக்கேன். அந்தச் சின்னப் பொண்ணு அம்மா வரலைன்னு நினைச்சிட்டே தூங்கியிருக்கா, நான் இங்க மேகத்துக்குப் பொத்தான் எண்ணிட்டிருந்திருக்கேன்.

சாயங்காலமே மன்றத்தில் அவர் கேட்டிருக்கிறார். கடைக்கு வரும் கணினிக்காரர் அவருக்கென்று ஒரு முகவரி கொடுத்திருந்தாராம். பக்கத்தில் உள்ளபடியே எல்லாம் செய்தேன், பச்சை எரிகிறது, என் மகளுக்கு மட்டும் கேட்கவில்லை, வேறு யாரோ கேட்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று. கோந்து கீழே எழுதியிருக்கிறார்: "தும்பி சார், இது உங்க பக்கம். கொஞ்சம் பாருங்க."

அக்டோபர் 21, செவ்வாய்

பதினொரு முறை எழுதினேன். முதல் பத்திலும் 'ஒரு சிறு தவறு' என்ற சொற்கள் ஏதாவது ஒரு மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டன. பதினொன்றாவதை ஏற்றினேன்:

'பக்கத்தில் பிழை. அதைச் செய்தது நான். மாதிரி முகவரிக்குப் பதிலாக எங்கள் வீட்டுக் கணினியின் முகவரியைப் போட்டுவிட்டேன். ஏழாம் தேதியிலிருந்து பதினொன்றாம் தேதிக்குள் நகலெடுத்தவர்கள் எல்லோரும் உங்கள் அமைப்பில் உள்ள முகவரியையும் கடவுச்சொல்லையும் உடனே மாற்றுங்கள். எப்படி என்று கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். பதினொன்றாம் தேதியே எனக்குத் தெரியும். சிறு திருத்தம் என்று எழுதி மறைத்தேன். அம்மா, கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒருவர் நான். கதை பிடித்திருந்ததால் சொல்லவில்லை. எனக்குப் பதினான்கு வயது. நான் சார் இல்லை.'

பிறகு கணினியை அணைத்தேன். அண்ணன் போனதிலிருந்து முதல் முறை. இந்த வீடு இவ்வளவு அமைதியா? மாடியில் அப்பா புரண்டு படுப்பது கேட்கிறது. டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

அக்டோபர் 22, புதன்

அப்பாவிடம் நானே சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். கேட்டு முடித்து, "அப்போ அது ஃப்ரிட்ஜ் இல்ல" என்றார். கணினியை ஒரு மாதம் தொடக்கூடாது. மன்றத்தில் பதில் வந்தால் பார்க்க மட்டும், கூடத்தில், அம்மாவின் ஃபோனில். தடையைப் பற்றி அங்கே ஒரு வரி எழுத மட்டும் விட்டார்.

ஃபோனைக் கொடுக்கும்போது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கதை அவ்ளோ நல்லாவா இருந்துச்சு?" தலையாட்டினேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

கோந்து: "நானும் படிச்சுட்டுத்தானே சரின்னு விட்டேன். அத்தை பேரைச் சொல்லிக் கேலி வேற. இனிமே மாதிரியில நிஜ முகவரி இருந்தா பக்கத்தை ஏத்தவே விடாத மாதிரி ஒரு சோதனை எழுதியிருக்கேன். அதுக்கு விளக்கப் பக்கம் வேணும். அப்பா தடை போட்டது தீர்ந்ததும் எழுது, தும்பி."

பக்கங்களைப் பிடுங்கவில்லை. 'எழுதுங்க' மட்டும் 'எழுது' ஆகியிருக்கிறது.

அந்த அம்மாவிடமிருந்து ஒரே வரி. "முகவரி மாத்திட்டேன்."

அக்டோபர் 25, சனி

நாலரைக்குக் கூடத்தில் கணக்குப் போட்டேன். எதிர்வீட்டுச் சன்னல் கண்ணாடியில் ஒரு மேகம் ஏறிப் போனது. எந்த மாடிக்கோ.

அக்டோபர் 29, புதன்

கதை சொன்ன அந்த அம்மா மன்றத்தில் எனக்கு எழுதியிருக்கிறார். என் அம்மாவே தன் ஃபோனில் பார்த்துச் சத்தமாகப் படித்தாள், பஞ்சு இல்லாத குரலில்:

"உன்மேல கோவம் இன்னும் முழுசாப் போகல. இது அவ கேட்டது, அதனால எழுதறேன். மறுபடி எட்டாவது மாடியிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன். அவளுக்கு நல்லாக் கேக்குது. உனக்கு முன்னாடியே ஒரு அக்கா பதிமூணு வரைக்கும் போயிட்டு வந்திருக்கான்னு சொன்னேன். நாளைக்குப் பதினொண்ணு. மேல பயமா ஏதாவது வருதான்னு அந்த அக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்கிறா. எழுதினவளே நான்தான்டின்னா, என்னை நம்பமாட்டேங்கிறா. நீயே சொல்லு."

அம்மா ஃபோனை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பொய் சொல்லக்கூடாது. அதற்காக அவளை நடுங்க வைக்கவும் கூடாது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதினேன்.

'பதினொண்ணாவது மாடி இருட்டா இருக்கும். யாருமே இருக்கமாட்டாங்க, வரிசையா செருப்பு மட்டும்தான். எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. ஆனா லிஃப்ட் கதவு கடைசி வரைக்கும் மூடாது. உங்கம்மா குரலும் நிக்காது. பன்னெண்டுல வெளிச்சம் வந்துடும். பதினாலு எனக்கும் தெரியாது.'