சுண்ணாம்பு படாத இடம்

சாந்தோம்,
12-12-1936

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்மஸுக்காக நம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். முற்றத்துச் சுவரில் ஒரு முழ அகலம் மட்டும் பழைய அழுக்கோடு இருப்பதை இன்று காலையில் பார்த்தேன். நீ எகிறித் தொட்ட உயரத்தில் அப்பா கரியால் கோடு போட்ட இடம் அது.

சுண்ணாம்பு அடிக்கும் சேட்டு அப்பாவிடம் கேட்டான்.

"இன்னா சார், இது மட்டும் அழுக்கா கீதே? பண்டிகைக்கு வர்றவங்க என்னைத்தான் காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்டா. அது என் பையன் எட்டித் தொட்ட இடம். சுண்ணாம்பு மட்டையை அங்கே கொண்டுபோகாதே."

நீ பிந்தி வந்தாய் என்று அப்பா உன்னை வெளியே உட்கார வைத்த அந்தக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் எழுதவில்லை. நீ ரங்கூனுக்குப் போனதிலிருந்து இங்கேயும் அதை யாரும் பேசுவதில்லை. அம்மா இருந்திருந்தால் பேசியிருப்பாள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

பதினாறு வருஷம் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய அப்பாவுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. விசிலைக்கூடக் கொடுத்துவிட்டார். ஆனாலும் நாலு மணியானால் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா வாயால் உன் பேரைச் சொன்னால்தான் வருவேன் என்று எழுதியிருந்தாய். பேரைச் சொல்லவில்லை, அண்ணா. "என் பையன்" என்றார். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சேட்டு போனதும், பரணிலிருந்து உன் படுக்கையை இறக்கி வெயிலில் போட்டேன்.

உன் தங்கை