ஆறு செட்டும் சொன்ன ஒரே பொய்

அன்பு மகன் ஜைதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நடுநிசி தாண்டி எழுதுகிறேன், மன்னித்துக்கொள், உன் தங்கச்சி தஸ்லிமா தூங்கிய பிறகுதான் கை ஒழிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உயிரோடு இருக்கிறோம், பிந்துலுவில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. வாப்பா ஏசுவார் என்று பயமோ என்னவோ, அவர் ஏசவில்லை, இருமிக்கொண்டு படுத்திருக்கிறார். சனிக்கிழமை அன்னாசித் தோட்டத்தில் மழையில்லாமல் காய்ந்த சதுப்பு மண்ணுக்கடியில் தீப்பிடித்துப் புகை கிளம்பியது. காவலுக்குப் போன வாப்பா நம் கடையில் சர்வீஸ் செய்த வாக்கி டாக்கியில் ஆபீசை எட்டுத் தடவை கூப்பிட்டிருக்கிறார், ஆபீசில் வெறும் கரகரப்புதான் கேட்டதாம். கூடக் காவலுக்குப் போய்த் தள்ளி நின்ற தங்கராஜுவின் செட்டும் நாம் சர்வீஸ் செய்ததுதான், அதில் மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அதனால் செட்டில் கோளாறு இல்லை, ஆபீஸ்ல எல்லாம் மாக்கான் போயிட்டாங்க போல லா, சாப்பிட்டு வந்து எடுப்பாங்க என்று தங்கராஜு சொல்ல, இருவரும் காத்திருந்தார்கள். காற்று அவர்கள் பக்கம் திரும்பிய பிறகு வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து தப்பினார்கள்.

நேற்று அந்தத் தோட்டத்துக்கு நாம் சர்வீஸ் செய்து கொடுத்த ஆறு செட்டையும் வாங்கி வந்து மீட்டரில் மாட்டினேன். ஆறும் சொல்லிவைத்தாற்போல சரியான அலைவரிசையிலிருந்து மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளி அனுப்புகின்றன. மீட்டர் சூடேற அரைமணி நேரம் காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஏற்கெனவே தள்ளிப்போயிருந்த உன் பழைய செட்டையே அளவாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி திருப்பியிருக்கிறாய். ஒன்றோடொன்று பேசிவிட்டால் போதுமா, நாம் தொடாத ஆபீஸ் செட்டுக்குக் கேட்க வேண்டாமா? பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்த நான், உன் பயண அவசரத்தில் ஒன்றைக்கூடச் சோதிக்காமல் சர்வீஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டேனே, அந்த எரிச்சல் உன்மேலா என்மேலா என்றே தெரியவில்லை.

அதே வாரம் லாபிஸ் தோட்டத்துக்குப் பன்னிரண்டு செட் சர்வீஸ் செய்து அனுப்பினோம். எதை நீ செய்தாய், எதை நான் செய்தேன் என்று நோட்டில் இல்லை. அங்கே காவலைக் கவனிக்கும் கமலநாதனிடம் திருப்பி அனுப்பச் சொன்னால், ரெண்டு செட்ட வச்சுப் பேசிப் பார்த்தேன், நல்லாத்தானே கேக்குது அக்கா, ஏன் பயங்காட்டுறீங்க என்று சிரிக்கிறார். பன்னிரண்டையும் கொடுத்தால் காவலுக்கு ஒன்றும் இருக்காதாம், நம்பர் சொன்னால் அதை மட்டும் அனுப்புவாராம். அங்கேயும் மழை இல்லை.

அங்கே நீ பார்க்கிற டவர் வேலையிலும் இப்படி அவசரப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைக் காப்பானாக. என் கோபம் இருக்கட்டும், அதை நீ ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நீ திருப்பிய செட்டுகளின் நம்பரை மட்டும் ஞாபகப்படுத்தி எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் உம்மா
பஸீலா
பெக்கான் நானாஸ்